பூசைக் கடிகாரம்

மலாக்காவில், காஜா பேராங் சடக்கில் கடை வைத்திருந்த மருதப்பனிடம் பழைய கைக்கடிகாரம் விற்கப் போனவர்கள் போன முகத்தோடு திரும்பியதில்லை. போகும்போது, “ஜப்பான்காரன் கண்ணில படாம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்ச வாச்சு” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். வரும்போது, குப்பைத் தகரத்தை இத்தனை காலம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோமே என்ற வெட்கத்தோடு வருவார்கள். அதற்கு மேலும் சிலர் உண்டு. கடிகாரத்தை அவரிடமே விட்டுவிட்டு, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வருவார்கள். அந்த நன்றியைக் கேட்பதில் மருதப்பனுக்குத் தனி ருசி இருந்தது.

அவருக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியும், அதுதான் வினை. ஜப்பான்காரன் காலத்தில் சிப்பாய்கள் வழியில் போகிறவன் வருகிறவன் கையையெல்லாம் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டார்கள். அவர்கள் தோற்றுப் போனதும் அவ்வளவும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தது. ஒன்றின் முகத்தை எடுத்து, இன்னொன்றின் இயந்திரத்தில் பொருத்தி, மூன்றாவதின் முள்ளைச் செருகி, நாலாவதின் கூட்டுக்குள் அடைத்து விற்றே பிழைத்தவர்கள் மலாக்காவிலிருந்து பினாங்கு வரை இருந்தார்கள். அப்படிச் சேர்த்ததற்குத் தொழிலில் ‘கலப்பு’ என்று பேர். செய்து வந்த மேனிக்கு இருப்பது ‘ஒரே கை’. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால் ஊர் மருதப்பனிடம்தான் வந்தது.

பின்மூடியைச் சின்னக் கத்தியால் நெம்பித் திறப்பார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொள்வார். மூடியின் உட்புறத்து எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒத்துப் போகிறதா, திருகுகளின் தலையில் அன்னியக் கை பட்ட கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். முகத்தில் ஆறு மணிக்குக் கீழே பொடியாக இருக்கும் சுவிஸ் எழுத்து மெலிந்து இருந்தால் அது பிறந்த முகம். தடித்திருந்தால் யாரோ மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்கள். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும், பாதியில் நின்றால் அது இரவல் முள். இத்தனையும் பார்த்து உண்மையை உள்ளே தெரிந்துகொண்டபின், வெளியே ஒரே பதிலைத்தான் சொல்வார்: கலப்பு. நிஜமாகவே கலப்பாக இருந்தால் ஆளை விரட்டிவிடுவார். ஒரே கையாக இருந்தால், “பாவம், வெயில்ல வந்துட்டீங்க, வச்சிட்டுப் போங்க” என்பார்.

யாருக்கும் சொல்லாத ஒரு அடையாளமும் அவரிடம் இருந்தது. நம் வீடுகளில் ஆயுத பூசையன்று அரிவாள், தையல் மிஷின், சைக்கிள் என்று ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கடிகாரம் இருந்தால் அதற்கும் வைப்பார்கள். கண்ணாடியில் வைத்ததை மறுநாள் துடைத்துவிடுவார்கள். வார் மாட்டும் காதுகளின் இடுக்கில், கம்பி நுழையும் ஓட்டைக்குள் போனதை யாரும் துடைப்பதில்லை. அது வருடா வருடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வேர்வையில் ஊறி, கறுஞ்சிவப்பாகக் கல்லாகிவிடும். கலப்புக்காரன் கூட்டை முதலில் காரத்தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பான், அவன் கை பட்டதில் குங்குமம் மிஞ்சாது. குங்குமம் இருந்தால் அது ஒரே வீட்டில் வாழ்ந்த கடிகாரம். மருதப்பன் மனதுக்குள் அதைப் பூசைக் கடிகாரம் என்பார். வாங்கிய கையோடு அந்தக் குங்குமத்தைச் சுரண்டி எடுத்துவிடவும் செய்வார், சிங்கப்பூர் வாடிக்கைக்காரர்களுக்கு அது அழுக்கு.

சுதந்திரம் வரப்போகிற சமயம் அது. பண்டார் ஹிலிர் திடலில் கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே எதையோ எதிர்பார்த்துச் சட்டை தைத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு காலையில்தான் சந்திரமதி வந்தாள்.

அந்தச் சடக்கை ஒட்டிய கம்போங் செட்டியில், தலைமுறைகளாக மலாய் பேசி வந்த மலாக்காச் செட்டிகளில் ஒருத்தியான நாகம்மையின் வீட்டு முன்னறைதான் மருதப்பனின் கடை. நாகம்மைக்குத் தமிழ் வராது, சாமி பேர்களும் பலகாரப் பேர்களும் மட்டும் வரும். அவள்தான் வந்தவளைப் பார்த்து, மலாயில் உட்காரச் சொல்லி, ஒரு கோப்பியும் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. முப்பத்தைந்து வயதிருக்கும். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள். தோல் வார் இருந்த இடத்தில் கான்வாஸ் துணி. கடிகாரம் ஓடவில்லை.

“என் வீட்டுக்காரரோடதுங்க. கருணாகரன்னு பேரு. குருபோங் பக்கத்துத் தோட்டத்துல கணக்கெழுதுற சின்னக் கிராணியா இருந்தாரு. கிராணி ஆனப்ப, ஆசையா வாங்குனாரு. ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடிச்சிட்டுப் போனான்ல, அதுல போனாரு.”

“ம்.”

“சண்டை முடிஞ்சு, கூடப் போன பொன்னுதுரைங்கிறவருதான் இதக் கொண்டாந்து குடுத்தாரு. வாந்திபேதியில போய்ட்டாராம். போறப்ப, அவகிட்ட குடுத்துருன்னு கழட்டிக் குடுத்தாராம்.”

“அந்தப் பொன்னுதுரை?”

“அவரும் மறு வருசமே காய்ச்சல்ல போய்ட்டாருங்க. இனி கேக்கறதுக்கு யாரும் இல்ல. இதுதான் இருக்கு.”

மருதப்பன் மூடியை நெம்பிக்கொண்டே கேட்டார். “இத்தன வருசம் வச்சிருந்துட்டு, இப்ப எதுக்கு விக்கறீங்க?”

அவள் கோப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அடுத்த மாசம் எனக்கு ரெஜிஸ்தர் கல்யாணங்க. நான் ஆஸ்பத்திரியில ஆயா. அங்க புண்ணுக்குக் கட்டுப் போடுற டிரசரா இருக்காரு, ஜெயபாலன்னு. நல்லவரு. இதையும் வச்சுக்கன்னுதான் சொல்றாரு. எனக்குத்தான் மனசு வரல. அவரு செத்துட்டாருன்னு நம்ப முடியாம நான் பைத்தியமா திரிஞ்சிருக்கேங்க. தெனம் இதத் தொட்டுத் தொட்டுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன். இப்பதான் தேறுச்சு. இனி இது யாராச்சும் நல்லவங்க கையில ஓடட்டும். நீங்க குடுக்கறத மாரியம்மன் உண்டியல்ல போட்டுருவேன்.”

இதற்குள் மூடி திறந்துவிட்டது. மருதப்பன் லென்ஸுக்குள் பார்த்தார். எண்கள் ஒத்துப் போயின. திருகுகள் கன்னி கழியாமல் இருந்தன. சுவிஸ் எழுத்து முடிபோல மெலிந்து இருந்தது. நீல முள் நிமிடக் கோட்டை வருடிக்கொண்டு நின்றது. சயாம் காடும் மழையும் வெளிக்கண்ணாடியைக் கீறியிருந்தனவே தவிர உள்ளே போகவில்லை. கான்வாஸ் வாரை விலக்கிக் காதுக்குள் பார்த்தார். இடுக்கில் கறுஞ்சிவப்பாக ஒரு கோடு. பூசைக் கடிகாரம். சண்டைக்கு முந்திய இதே வகையைத்தான் சிங்கப்பூர் வாடிக்கைக்காரர் சேதுராமன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அதுவும் ஒரே கையாக வேண்டும் என்று.

மருதப்பன் லென்ஸைக் கழற்றினார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

“முகம் மறுபூச்சு. முள்ளு வேற வாச்சோடது.”

“சரிங்க.”

அவள் சரி என்றது அவருக்கு இடித்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் பதறுவார்கள். பதறினால்தான் அடுத்த படியில் ஏறி உட்காரலாம். இவள் விலைக்காகவா வந்தாள், பதறுவதற்கு? அவளே உண்டியலில் போடப்போகிறாள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் பழகிய நாக்கு நிற்குமா?

“முழுக்கக் கலப்பும்மா இது. கூடு ஒருத்தனது, மிஷின் ஒருத்தனது, முகம் ஒருத்தனது. அந்தக் காலத்துல சயாம் சந்தையில இதக் கூறு கட்டி வித்தான்.”

அவள் நிமிர்ந்தாள். “கலப்புன்னா... அப்ப இது அவரு வாங்குன வாச்சு இல்லையா?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூட வேண்டாம், “தெரியலம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கருணாகரன் வாங்கியதுதான் என்றால் அது ஒரே கை. ஒரே கை என்றால் இவ்வளவு நேரம் சொன்னது பொய். மருதப்பன் தீர்ப்பை மாற்றிச் சொன்னார் என்று ஊரில் ஒருவர் வாயில் வரலாமா?

“கடையில புதுசா வாங்குன வாச்சு இப்படி இருக்காதும்மா.”

“பொன்னுதுரை பொய்யா சொன்னாரு?”

“பொய்யோ மெய்யோ. போன ஆள் திரும்பலன்னா வீட்டுல எதையாவது குடுத்து அழுது முடிக்க வைக்கணும்னு நெனச்சிருப்பான். நல்ல மனசுலகூடச் செஞ்சிருக்கலாம்.”

“அப்ப அவரு கழட்டிக் குடுக்கல. அவரு வாச்சு அவரு கையிலேயே இருக்கு.” அவள் குரல் எங்கோ போய்விட்டது. “ஐயா, சத்தியமா சொல்றீங்களா?”

சுவரில் பிள்ளையார் படமும் கீழே சின்ன விளக்கும் இருந்தன. மருதப்பன் எழுந்து போய் விளக்கின் மேல் கையை வைத்தார். “என் கண்ணு பொய் சொல்லாது” என்றார். சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சந்திரமதி கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடிகாரத்தைத் தொடவில்லை.

“அவரோடது இல்லன்னா எனக்கெதுக்குங்க? நீங்களே வச்சுக்குங்க. காசு வேணாம். நீங்க எனக்கு எவ்வளவு பெரிய சேதி சொல்லியிருக்கீங்க!” என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மருதப்பன்தான் பல்லையெல்லாம் முதலிலேயே பிடித்துப் பார்த்துவிட்டாரே. ஒரு காசு செலவில்லாமல் சிங்கப்பூர்ச் சரக்கு மேசைமேல் கிடந்தது. சிரித்தபடியே ஊசியையும் பிரஷையும் பெட்ரோலையும் எடுத்தார். நாலு காதுகளையும் துருவித் துருவிச் சுத்தம் செய்தார். குங்குமம் பொடிப்பொடியாகக் காகிதத்தில் விழுந்தது. காகிதத்தை மடித்துச் சன்னலுக்கு வெளியே உதறினார். இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டார். கடிகாரம் குழந்தைபோல ஓடத் தொடங்கியது.

சந்திரமதி அந்த வாரமே பொட்டு வைத்தாள். வெள்ளைப் புடவையைக் கழற்றிப் போட்டாள். ஆஸ்பத்திரிக்கு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்காகத்தான் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். கல்யாணம் இல்லை, புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று அவள் சொன்னதும் சிரிக்கத் தொடங்கினார்கள். மலாக்காவில் ரயில் ஏது? இருந்த தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டான். அதனால் ஓய்வு நாளெல்லாம் அவள் பஸ் ஏறி தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் வடக்கேயிருந்து வரும் ரயிலுக்குக் காத்து நின்றாள். இறங்குகிற ஆண்களின் மணிக்கட்டைப் பார்த்தாளாம். அந்த மணிக்கட்டுச் சேதியை மருதப்பனுக்குச் சொன்னவர்கள் வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். மருதப்பனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

ஜெயபாலன் வந்தது ஒரு மழை நாளில். ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்போடு, குடையை மடக்கக்கூட மறந்து வாசலில் நின்றார். நாற்பது தாண்டிய, அமைதியான மனிதர். கல்யாணம் என்று ஒன்று நடக்கும் என்றே நம்பாமல் இருந்து, கடைசியில் நம்பத் தொடங்கியவர்.

“ஐயா, நான் சண்டை போட வரல. ஒரே ஒரு வார்த்த. நீங்க சொன்னா வெளிய விடமாட்டேன். அந்த வாச்சு நெசமாவே கலப்பா?”

மேசை இழுப்பறைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. மருதப்பனின் தொடைக்கு நேர் மேலே, டிக் டிக் என்று. சுவரிலும் கண்ணாடிப் பெட்டியிலும் ஓடிய மற்றக் கடிகாரங்களின் சத்தத்தில் அது கலந்துபோனது.

மருதப்பனுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது என்றே சொல்ல வேண்டும். எதிரே நிற்கிறவனின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆனால் உள்ளதைச் சொன்னால் இவன் அவளைக் கூட்டிக்கொண்டு வருவான். அவள் வந்தால் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேதுராமனுக்குக் கடிதம் போய், அவர் வருகிறேன் என்று பதிலும் எழுதியாகிவிட்டது. இளகிய நெஞ்சு அந்த இடத்திலேயே இறுகிக்கொண்டது.

“கலப்புதான் தம்பி.”

“அப்ப அதக் குடுங்க. அவ கையில குடுத்து, எப்படியாச்சும் பேசிப் பாக்கறேன். அவ தம்பின்ல போய் நிக்கறா. மழையில நிக்கறா.”

“பிரிச்சுப் போட்டுட்டேனே! கலப்ப வச்சு வேற என்ன பண்றது? சாமான் சாமானா போயிருச்சு.”

ஜெயபாலன் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். நல்லவர்களை ஏய்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை, அதுதான் அவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம். நாகம்மை உள்ளிருந்து துண்டை எடுத்து வந்து நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி, துடைக்காமல் நாற்காலிமேல் போட்டுவிட்டு மழையில் இறங்கினார். சுதந்திரத்துக்கு முதல் வாரம் கோலாலம்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. “காசியான்,” என்றாள் நாகம்மை. பாவம் என்று அவர்கள் பாஷையில் அர்த்தம். யாரைச் சொன்னாள் என்று மருதப்பன் கேட்டுக்கொள்ளவில்லை.

சுதந்திரம் வந்தது. கொடி ஏறியது. திடலில் பாட்டுப் பாடினார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஆயுத பூசையும் வந்தது.

மருதப்பன் தொழில் பக்தியில் குறை வைக்காதவர். மேசைமேல் வாழையிலை விரித்து, லென்ஸ், ஊசி, நெம்புகத்தி, பிரஷ் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். நாகம்மை தன் பங்குக்குச் செம்பருத்திப் பூக்களைக் கொண்டுவந்து போட்டாள். பூசை முடிந்த நேரத்துக்குச் சரியாகச் சிங்கப்பூர் சேதுராமன் தோல்பையோடு வந்து இறங்கினார். கடிகாரத்தை வாங்கித் தன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தைத் தொங்கப்போட்டார்.

“முகம் மறுபூச்சு மாதிரி தெரியுதே.”

மருதப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னாங்க சொல்றீங்க! எழுத்தப் பாருங்க.”

“முள்ளும் வேற மாதிரி...”

“கோட்டத் தொடுது பாருங்க! யாருகிட்ட கத விடறீங்க? இது ஒரே கை. ஒரே வீட்டுல இருந்தது. ஒரு கிராணி புதுசா வாங்கி, சாகிற வரைக்கும் கட்டியிருந்த வாச்சு. விளக்குமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்.”

அப்போதுதான் வந்து சேர்ந்த யாரோ வாசலில் செருமினார்கள். பச்சைப் புடவையும் மல்லிகைச் சரமுமாகச் சந்திரமதி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. முகம் கறுத்து மெலிந்திருந்தது, ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. பார்க்கப் பயமாக இருந்த வெளிச்சம் அது.

“ஒண்ணு கேக்கலாம்னு வந்தேங்க. அந்த வாச்சு யாரோ ஒருத்தி புருசனோடதுதானே. அவளும் என்னைய மாதிரி தேடிக்கிட்டிருப்பா. யாருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுத்துடலாமான்னு...” மேசையைப் பார்த்தவள் சிரித்தாள். “அட, இங்கதான் இருக்கு! பிரிச்சுப் போட்டுட்டதா டிரசர் சொன்னாரே. திரும்பவும் சேத்துட்டீங்களா? நீங்க கெட்டிக்காரருங்க.”

சேதுராமன் லென்ஸை மெல்லக் கழற்றினார். “இந்த வாச்சு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“நான்தாங்க குடுத்தேன். என் வீட்டுக்காரருதுன்னு நெனச்சு இத்தன வருசம் வச்சிருந்தேன். இல்ல, கலப்புன்னு ஐயாதான் கண்டுபிடிச்சாரு. கூடு ஒருத்தனது, மிஷின் ஒருத்தனது.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். சேதுராமன் தோல்பையின் வாயை மூடத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் மருதப்பனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஆள் கையைவிட்டுப் போகிறார். ஒரு வருடச் சரக்கு போகிறது.

“இல்லங்க! அவங்ககிட்டதான் பொய் சொன்னேன். குறைச்சு வாங்கலாம்னு சொன்னேன். இது இவங்க புருசனோட வாச்சுதான், சத்தியமா இவங்க புருசனோடதுதான்.”

“குறைச்சு வாங்கவா?” என்று சந்திரமதி குழப்பத்தோடு கேட்டாள். “நீங்க காசே குடுக்கலீங்களே. நான் சும்மாதானே வச்சிட்டுப் போனேன்.”

சேதுராமன் வாய்விட்டுச் சிரித்தார். “வாங்குறப்ப கலப்பு, விக்கிறப்ப ஒரே கையா? நல்லா இருக்குய்யா உன் தொழிலு!”

“குங்குமம்!” என்று கத்தினார் மருதப்பன். சந்திரமதியிடம் திரும்பினார். “அம்மா, நீங்க ஆயுத பூசைக்கு இதுக்குக் குங்குமம் வைப்பீங்கல்ல?”

அவள் முகம் மாறியது. “வைப்பேன். வருசா வருசம் வைப்பேன். வார் மாட்டுற எடத்துல வைப்பேன். கண்ணாடியில வச்சா அவருக்குக் கோவம் வரும்.”

“அங்கதான் இருந்துச்சு! காதுக்குள்ள, இடுக்குல, கறுத்துப் போயி. நான் என் கண்ணால பாத்தேன்.”

அவள் அவரை நம்பிவிட்ட கணம் அது. மருதப்பனே அதைப் பார்த்தார். கண்ணிலிருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. வலது கை தன்னால் மேலே போய் நெற்றிப் பொட்டைத் தொட்டது, அழிக்கவா மறைக்கவா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. பதினொரு வருடம் அழுது தேறி, மறந்து, மீண்டும் பொட்டு வைத்து, கட்டிக்கொள்ள இருந்தவனையும் துரத்தியடித்துவிட்டு நிற்கிறவள், தன் புருஷன் சயாம் காட்டில் செத்தேதான் போனான் என்பதை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“காட்டுங்க” என்றாள்.

மருதப்பன் கடிகாரத்தைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். லென்ஸையும் கொடுத்தார். அவள் ஒரு காதைப் பார்த்தாள். திருப்பி மற்றதைப் பார்த்தாள். நாலும் வெள்ளி மாதிரி மின்னின.

“ஒண்ணும் இல்லீங்களே.”

“நான்தான்... சுத்தம் பண்ணிட்டேன். பிரஷ் வச்சு.”

“நல்லாத்தான்யா கத கட்டுறே” என்று சொல்லிவிட்டுச் சேதுராமன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தச் சொல் அவளைப் பிடித்துக் கரையில் போட்டது. நீண்ட மூச்சு விட்டாள். கை நெற்றியிலிருந்து இறங்கியது. முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. அந்தப் பயங்கர வெளிச்சமும் வந்தது. மருதப்பனைப் பார்த்த பார்வையில் கோபம் துளியும் இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட குழந்தையைப் பார்க்கும் பரிவுதான் இருந்தது.

“விக்கிறதுக்காகச் சொல்றீங்க. பரவால்லீங்க, யாவாரம்னா அப்படித்தான். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. ஆனா அன்னிக்கு என்கிட்ட சொன்னப்ப உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. விளக்குமேல கை வச்சு வேற சொன்னீங்க. எது நெசம்னு எனக்குத் தெரியாதா?”

“அம்மா, நான் சொல்றதக் கேளுங்க...”

“நீங்க சொன்னதுல ஒண்ணு மட்டும் நல்லதாப் போச்சுங்க.” அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “இத்தன நாளும் எந்த அடையாளத்த வச்சுத் தேடுறதுன்னு தெரியாம தம்பின்ல நின்னுக்கிட்டிருந்தேன். குங்குமம்! எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அவரு வாச்சுல கண்டிப்பா அது இருக்கும். உங்ககிட்டதான் ஊரு வாச்செல்லாம் வருது. காதுல குங்குமம் உள்ளது ஒண்ணு வந்துச்சுன்னா, எனக்கு ஒரு ஆள் அனுப்புங்க. ராத்திரி டியூட்டின்னாலும் ஓடியாந்துருவேன்.”

கும்பிட்டுவிட்டுப் போனாள். சேதுராமன் வாடகைக் காரில் ஏறும் சத்தமும் கேட்டது. நாகம்மை மேசையிலிருந்த வாடிய பூக்களைப் பொறுக்கிக்கொண்டு, அவரை நிமிர்ந்தும் பார்க்காமல் உள்ளே போனாள்.

மருதப்பன் லென்ஸை மாட்டிக்கொண்டு நாலு காதுகளையும் ஊசியால் துருவினார். ஒரு துகள் கிடைத்தால் போதும், ஓடிப்போய்க் காட்டிவிடலாம். கிடைக்கவில்லை. அவர் சுத்தம் செய்தால் சுத்தம்தான். தட்டில் பூசைக் குங்குமம் மிச்சம் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. விரலில் ஒரு சிட்டிகை எடுத்துச் சந்தனத்தில் குழைத்துக் காதின் இடுக்கில் வைத்து அழுத்தினார். லென்ஸுக்குள் அது பச்சை ரத்தம்போலப் பளீரென்று தெரிந்தது. வருடக்கணக்கில் மனுஷ வேர்வை குடித்த குங்குமம் எப்படி இருக்கும் என்று மலாக்காவிலேயே தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். சின்னப் பிள்ளைகூட ஏமாறாத போலி அது. பிரஷை எடுத்து, மறுபடியும் சுத்தம் செய்யத் தொடங்கினார்.